பனி உறையாத ஊரில் ஒரு ஹாக்கி பருவம்

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மகள் வீட்டில் நீயும் தங்கை விசாலாட்சியும் நலமாக இருப்பதையும், உன் முழங்கால் வலி குறைந்திருப்பதையும் அறிந்து நிம்மதி அடைந்தேன். பேரனை ஐஸ் ஹாக்கிப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு இப்போது உன்னுடையது என்று எழுதியிருந்தாய். கனடாவின் மேற்குக் கரையில், குளிர்காலம் முழுக்க மழை பெய்துகொண்டிருக்கும் நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் இந்த ஆட்டம் எப்படித்தான் வேரூன்றியது என்றும் கேட்டிருந்தாய். சில மாதங்களாக நான் ஆர்வத்தோடு படித்துவருவதே அந்தக் கதைதான். அதிலும் நீ இருக்கும் அந்தச் சிறிய ஊருக்கு அதில் தலைமையான இடம் உண்டு. ஆகவே இந்தக் கடிதம் சற்று நீளும், பொறுத்துக்கொள்.

நீ கேட்ட கேள்விக்கான விடை உன் ஊரில் தொடங்கவில்லை. கிழக்குக் கனடாவில், ஒரு கூலித் தகராறில் தொடங்குகிறது. 1909–10 பருவத்தில் ஒன்டாரியோவின் ரென்ஃப்ரூ என்னும் சிற்றூர், பணத்தைத் தண்ணீராகச் செலவழித்து ஓர் அணியைத் திரட்டியது. லெஸ்டர் பேட்ரிக்குக்கு 3,000 டாலர், அவருடைய தம்பி ஃபிராங்குக்கு 2,000 டாலர். சைக்ளோன் டெய்லர் என்று ஊரெல்லாம் கொண்டாடிய ஆட்டக்காரருக்கு அதைவிடவும் அதிகம். இவ்வளவு செலவழித்தும், கனடிய ஹாக்கியின் தலைசிறந்த பரிசான ஸ்டான்லி கோப்பை கிடைக்கவில்லை. அடுத்த பருவத்தில், கிழக்கின் முதன்மை லீக்கான தேசிய ஹாக்கி சங்கத்தின் அணி உரிமையாளர்கள் ஒன்றுகூடி, ஓர் அணியின் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்தே 5,000 டாலருக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். ஆர்ட் ராஸ், புரூஸ் ஸ்டுவர்ட் போன்ற முன்னணி ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்து, தாங்களே தனியாக ஒரு லீக் நடத்தலாமா என்று ஆலோசித்தார்கள். ஆனால் மான்ட்ரியலின் முக்கிய அரங்குகள் உரிமையாளர்களின் பக்கம் நின்றன. ஆடத் திறமை இருந்தது, பார்க்கக் கூட்டமும் இருந்தது, ஆடுவதற்குப் பனித்தளம்தான் இல்லை. கிளர்ச்சி அத்தோடு அடங்கிவிட்டது.

பேட்ரிக் சகோதரர்கள் மேற்கில் தொடங்கிய லீக்கின் முதல் பருவமான 1912ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர்களின் துணிச்சலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கோ, பனித்தளம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் ஆட்டம் இருக்கிறது என்று மான்ட்ரியலில் வெளிப்பட்ட அந்த உண்மையிலிருந்து தொடங்குவதே சரி என்று தோன்றுகிறது. ஆட்டக்காரர்களாக இருந்த அந்த இருவரும் இதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

அவர்களின் தந்தை ஜோசப் பேட்ரிக் பிரிட்டிஷ் கொலம்பியாவின் நெல்சன் நகரில் மரத்தொழில் நடத்திவந்தார். 1911இல் அந்தத் தொழிலை நல்ல விலைக்கு விற்றார். கைக்கு வந்த பணத்தைக் குடும்பமாக உட்கார்ந்து பேசி ஹாக்கியில் போட்டார்கள். பசிபிக் கரையோ மிதமான குளிர் கொண்டது. அங்கே இயற்கைப் பனியை நம்பிப் போட்டி அட்டவணை போட முடியாது. எனவே வான்கூவரிலும், விக்டோரியாவை ஒட்டிய ஓக் பேயிலும் இரண்டு செயற்கைப் பனி அரங்குகளைக் கட்டினார்கள். கனடாவில் அத்தகைய அரங்குகள் அதுவரை இருந்ததில்லை. இரண்டும் 1911 டிசம்பரில் திறக்கப்பட்டன. டென்மன் அரங்கம் என்று பெயர்பெற்ற வான்கூவர் கட்டடத்தில் 10,500 பேர் அமரலாம். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரின் மக்கள்தொகையே ஏறத்தாழ ஒரு லட்சம்தான். ஊரில் பத்தில் ஒருவர் ஒரே கூரையின் கீழ் வந்து அமர்வார் என்று நம்பிக் கட்டிய கட்டடம் அது.

அந்தப் பனி உருவாகும் விதம் உன் பொறியாளர் மனத்துக்குப் பிடிக்கும். அமோனியா வாயுவைக் கம்ப்ரசரில் அழுத்தித் திரவமாக்கி, மறுபடி விரியவிடும்போது அது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தக் குளிர்ச்சியை உப்புநீருக்கு ஏற்றித் தரைக்கு அடியில் நெருக்கமாகப் பதித்த குழாய்களில் ஓடவிடுகிறார்கள். உப்புக் கலந்திருப்பதால் அந்த நீர் உறைநிலைக்குக் கீழே போனாலும் உறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே தண்ணீரை மெல்லத் தெளித்து, ஒரு படலம் இறுகிய பிறகு அடுத்ததைத் தெளித்து, படிப்படியாகத் தளத்தை உயர்த்த வேண்டும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தாலும் உள்ளே தளம் கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும். கிழக்கில் மார்ச் மாதம் வந்துவிட்டால் இயற்கைப் பனி இளகிச் சேறாகிவிடும். ஸ்கேட்டும் ஓடாது, பக் எனப்படும் ஆட்ட வட்டும் நகராது. இங்கே அந்தக் கவலை இல்லை.

அரங்கு தயார், ஆட்களுக்கு எங்கே போவது? 5,000 டாலர் வரம்பால் மனம் கசந்திருந்த கிழக்கத்திய ஆட்டக்காரர்கள்தான் விடை. கூடுதல் சம்பளம் தருவதாகச் சொல்லி, நாட்டின் மறுகோடியிலிருந்து ரயிலேற்றி அழைத்துவந்தார்கள். மான்ட்ரியல் கனேடியன்ஸிலிருந்து நியூசி லலாண்ட் வான்கூவருக்கு வந்தார். அதே நகரின் இன்னோர் அணியான வாண்டரர்ஸிலிருந்து எர்னி ஜான்சனும் ஹாரி ஹைலண்டும் உன் ஊர் அணிக்கு வந்தார்கள். பசிபிக் கடற்கரை ஹாக்கி சங்கம் என்ற பெயரில் மூன்றே அணிகள்: வான்கூவர், விக்டோரியா, நியூ வெஸ்ட்மின்ஸ்டர் ராயல்ஸ். ஃபிராங்க் வான்கூவருக்கும் லெஸ்டர் விக்டோரியாவுக்கும் ஆடினார்கள். லீக்கை நடத்துவதும், விதி எழுதுவதும், அணியை வழிநடத்துவதும், ஸ்கேட் கட்டிக்கொண்டு களத்தில் இறங்குவதும் அவர்களேதான். அப்போது இருவரும் முப்பதைத் தொடவில்லை.

முதல் ஆட்டம் 1912 ஜனவரி 2 அன்று விக்டோரியாவில் நடந்தது. லெஸ்டரின் சொந்த அரங்கில், அவருடைய அணியை ராயல்ஸ் 8–3 என்று வீழ்த்தியது. இங்கேதான் நான் உனக்குச் சொல்ல விரும்பும் செய்தி இருக்கிறது: மூன்று அணிகளில் சொந்தப் பனித்தளம் இல்லாத ஒரே அணி ராயல்ஸ். அவர்களுடைய அரங்கம் அந்தப் பருவத்துக்குள் தயாராகாததால், தங்கள் ஊரில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல், உள்ளூர் ஆட்டங்களையும் வான்கூவரிலேயே ஆடினார்கள். பதின்மூன்றாயிரம் பேரே வாழ்ந்த உன் ஊரின் பெயரைச் சட்டையில் தாங்கிக்கொண்டு, அடுத்தவர் தளத்திலேயே பருவம் முழுதும் ஆடி, 9 வெற்றி, 6 தோல்வியுடன் முதலிடம் பிடித்தார்கள். வான்கூவர் 7 வெற்றி 8 தோல்வி, விக்டோரியா 7 வெற்றி 9 தோல்வி. லீக் பட்டத்துக்கான பேட்டர்சன் கோப்பை ராயல்ஸுக்குச் சென்றது.

இந்த வெற்றிக்கு ஜிம்மி கார்ட்னரின் தலைமையும், கோல்கீப்பர் ஹியூ லேமனும், தற்காப்பில் ஜான்சனும் காரணம் என்பது என் கணிப்பு. ஜான்சனின் கையும் நீளம், மட்டையும் அசாதாரண நீளம். எதிராளி பக்கத்தில் நெருங்குவதற்குள் மட்டையை நீட்டிப் பக்கைத் தட்டிப் பறித்துவிடுவார். முன்னோக்கிப் பக்கைக் கடத்துவது அப்போது விதிப்படி குற்றம். பக்கைத் தானே தள்ளிக்கொண்டு முன்னேறுவதுதான் வழி. அப்படிப்பட்ட ஆட்டத்தில் அந்த மட்டை எதிரணியின் பாதையை எப்படி அடைத்திருக்கும் என்று எண்ணிப் பார். கிழக்கில் ஆறு பேர் ஆட்டத்துக்கு மாறிவிட்ட அதே பருவத்தில், இவர்கள் ரோவர் என்ற ஏழாவது ஆளையும் வைத்துக்கொண்டு ஆடினார்கள். மாற்று ஆட்களோ மிகச் சிலர்.

கோல்களுக்குக் குறைவில்லை. லலாண்ட் 15 ஆட்டங்களில் 27 கோல் அடித்து முதலிடம் பெற்றார். மார்ச் மாதம் ராயல்ஸுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் ஃபிராங்க், தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தும், தனி ஒருவராக ஆறு கோல் போட்டார்.

ஸ்டான்லி கோப்பை அந்த ஆண்டு கியூபெக் புல்டாக்ஸிடம் இருந்தது. ராயல்ஸ் அதற்காக ஆடவில்லை. இதனாலேயே பலர் இந்தப் பருவத்தை ஒரு முன்னுரை போலக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏப்ரல் தொடக்கத்தில், கிழக்கின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ரயிலேறி மேற்கே வந்து, மேற்கின் தேர்ந்த அணியோடு மூன்று ஆட்டங்கள் ஆடி இரண்டில் தோற்றார்கள். ஏப்ரலில் பனி தேடி, பனியே உறையாத ஊருக்கு அவர்கள் வர வேண்டியிருந்தது! நான்கு மாதங்களுக்கு முன் இதை யாராவது சொல்லியிருந்தால் மான்ட்ரியலில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் கதிரேசா, ஆட்டக்காரர்களுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று என்னால் முழு மனத்தோடு எழுத முடியவில்லை. மேற்கே ஒரு போட்டி லீக் இருந்தவரை அவர்களுக்குப் பேரம் பேசும் வலிமை இருந்தது. அது மெய்யான பயன். லலாண்டும் ஹைலண்டும் அடுத்த பருவமே மான்ட்ரியலுக்குத் திரும்பினார்கள். டெய்லர் வான்கூவருக்கு வந்தார். ஆனால் மேற்கில் பனித்தளத்தை வைத்திருந்த பேட்ரிக் குடும்பமே இப்போது முதலாளிகள். எந்த ஊரில் அணி இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. 1914இல் ராயல்ஸ் அணியை ஒரேகனின் போர்ட்லண்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜான்சன் அங்கே போனார், லேமன் வான்கூவருக்குப் போய் மறு ஆண்டே ஸ்டான்லி கோப்பை வென்றார். முதல் பட்டம் வென்ற ஊருக்குப் பட்டத்தின் பெயர் மட்டும் மிஞ்சியது. பக்கை முன்னோக்கிக் கடத்த அனுமதி, நீலக் கோடுகள், பெனால்டி ஷாட் என்று உன் பேரன் இன்று கற்கும் பலவற்றுக்கு அந்தச் சகோதரர்களுக்கே கடன்பட்டிருக்கிறோம்; அதை மறுப்பவர் யாருமில்லை. அந்த நன்றியோடு சேர்த்து, 1914இல் உன் ஊருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும் என்பதே என் எண்ணம்.

பசிபிக் கடற்கரை ஹாக்கி சங்கம் 1924இல் முடிவுக்கு வந்தது. விக்டோரியா அரங்கம் 1929இலும் டென்மன் அரங்கம் 1936இலும் தீக்கிரையாயின. டென்மன் இருந்த இடம் இப்போது ஸ்டான்லி பூங்காவை ஒட்டிய டெவோனியன் துறைமுகப் பூங்கா.

உன்னால் ஓர் உதவி ஆக வேண்டும். அக்காலத்தில் நியூ வெஸ்ட்மின்ஸ்டருக்கும் வான்கூவருக்கும் இடையே மின்சார ரயில் ஓடியது. ராயல்ஸ் ஆடிய இரவுகளில் உன் ஊர் மக்கள் எவ்வளவு பேர் அதில் ஏறிப் போனார்கள், தங்கள் அணியை வேற்றூர் அரங்கில் எப்படி வரவேற்றார்கள் என்பதை அறிய எனக்குப் பெரும் ஆவல். உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் 1912 ஜனவரி முதல் மார்ச் வரையிலான உள்ளூர்ப் பத்திரிகைகள் இருக்கின்றனவா என்று பேரனின் பயிற்சி இல்லாத ஒரு நாளில் விசாரித்து எழுது. பக்கங்களைப் படமெடுத்து அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது.

தங்கைக்கும் மகளுக்கும் என் அன்பைச் சொல். முழங்காலைப் பார்த்துக்கொள்.

என்றும் அன்புடன்,
ராமநாதன்