ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே மெயில் பாஸ்வேர்டும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அருப்புக்கோட்டையில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். 2003-ல் நானும் என் வீட்டுக்காரரும் நான்கு கம்ப்யூட்டர் போட்டு ஆரம்பித்த கடை. அப்போது மணிக்கு 30 ரூபாய் வாங்கினோம். இப்போது யாரும் மணிக்கணக்கில் வந்து உட்காருவதில்லை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், இதுதான் பிழைப்பு. இந்த இருபது வருடத்துக்கு மேலான காலத்தில் எங்கள் பகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் மெயில் முகவரியை நான்தான் திறந்து கொடுத்திருக்கிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

உங்கள் நாளிதழில் டிஎன்பிஎஸ்சி அறிவிப்பும் பொறியியல் கலந்தாய்வுத் தேதியும் வந்த மறுநாள் காலையில் என் கடை வாசலில் கூட்டம் நிற்கும். கையில் பேப்பரைக் கத்தரித்து எடுத்து வருவார்கள். மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாம் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருக்கும். "மெயில் ஐடி சொல்லுங்க" என்று கேட்டால்தான் முழிப்பார்கள். "அக்கா, போன வருஷம் நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க, உங்க நோட்டுல இருக்கும்ல?" என்பார்கள். நோட்டு இருக்கிறது. சைபர் கஃபேக்களுக்கான 2011 விதிப்படி யார் வந்தார், எந்த நேரம் வந்தார் என்று எழுதி ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்பதற்கான நோட்டு அது. அதில் எவருடைய பாஸ்வேர்டையும் நான் எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. ஆனால் மக்கள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த தம்பி ஒருவன், அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த ஒரு கம்பெனியில் தேர்வாகிவிட்டான். வேலைக்குச் சேரும் கடிதம் மெயிலில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். கூடத் தேர்வான மூன்று பேருக்கும் வந்துவிட்டது, இவனுக்கு மட்டும் வரவில்லை. ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லையாம். சாயங்காலம் கடைக்கு வந்தவன், "அக்கா, என்னை மட்டும் கழிச்சு விட்டுட்டாங்க போல" என்று சொன்னபோது குரல் உடைந்துவிட்டது.

போனை வாங்கிப் பார்த்தேன். மேலே சிவப்பு எழுத்தில் இடம் நிரம்பிவிட்டது என்று இருந்தது. அவன் அதைத் தினமும் பார்த்திருக்கிறான், ஆனால் போன் மெமரியைச் சொல்கிறது என்று நினைத்துவிட்டான். கூகுள் நமக்கு இலவசமாகத் தருவது 15 ஜிபி. அது மெயிலுக்கு மட்டும் உள்ளதில்லை. டிரைவ் (கோப்புகளைச் சேமிக்கும் இடம்), போட்டோஸ், மெயில் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15. போட்டோக்களை அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ளும் வசதி 2021 ஜூன் 1 முதல் நின்றுபோனது. அப்புறம் 2024 வாக்கில் ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும், அதாவது வாட்ஸ்அப்பில் உள்ளதையெல்லாம் பத்திரத்துக்கு எடுத்து வைக்கும் பிரதியும், இதே கணக்கில் சேர்ந்துவிட்டது. அவன் கணக்கைத் திறந்து பார்த்தால் மெயில் எல்லாம் சேர்ந்து ஒரு ஜிபி கூட இல்லை. வாட்ஸ்அப் பேக்கப் மட்டும் ஒன்பது ஜிபிக்கு மேல்! சொந்தக்காரர் கல்யாண வீடியோ, குரூப்பில் வரும் காலை வணக்கம், மொட்டை போட்ட விசேஷம், எல்லாம் அதில் கிடக்கிறது.

இடம் நிரம்பிவிட்டால் மெயில் அனுப்பவும் முடியாது, வாங்கவும் முடியாது. நமக்கு வந்த மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். நம் பக்கம் ஒரு சத்தமும் வராது. வாசலில் பூட்டுப் போட்டிருந்தால் தபால்காரர் திரும்பிப் போவார், ஆனால் பக்கத்து வீட்டு மதினியாவது "தபால்காரர் வந்தாரு"ன்னு சொல்லுவாங்க. இங்கே சொல்வதற்கு ஆளில்லை.

பேக்கப்பில் வீடியோவை நிறுத்தி, பழைய பேக்கப்பை நீக்கி, கூகுள் போட்டோஸில் இருந்த பெரிய வீடியோக்களில் வேண்டாததை எடுத்தோம். அழித்ததெல்லாம் போய்க் கிடக்கும் டிராஷ் என்ற குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும், ஏனென்றால் அங்கே கிடப்பதும் இடக் கணக்கில்தான் இருக்கும். பிறகு அந்தக் கம்பெனி அலுவலகத்துக்கு என் கடையிலிருந்தே போன் போட்டான். "ரெண்டு தடவை அனுப்பினோம், ரெண்டு தடவையும் திரும்பி வந்துருச்சு" என்றார்கள். மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு மெயில் வந்தது. இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். சேர வேண்டிய கடைசித் தேதிக்கு நான்கு நாள்தான் பாக்கி இருந்தது.

இன்னொன்று, என் கையாலேயே நடந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனசு சங்கடப்படும். 2019-ல் நர்சிங் முடித்த ஒரு பெண் வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். ஏஜென்சிக்காரர்களும் இவளும் மாற்றி மாற்றி எழுதிய ஏழெட்டு மெயில் இருந்தது. இன்டர்வியூ, சம்பள விவரம், கையெழுத்துப் போட வேண்டிய ஒப்பந்தம், எல்லாம் ஒரே தலைப்பில். "அக்கா, இன்பாக்ஸ் ரொம்பக் குப்பையா இருக்கு, கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுங்க" என்றாள். நான் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு வரியில் "பெற்றுக்கொண்டோம், நன்றி" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தெரிந்தது. இது எதற்கு என்று டிக் அடித்து டெலீட் கொடுத்துவிட்டேன். ஜிமெயிலில் ஒரே தலைப்பில் போய் வந்த மெயில்கள் எல்லாம் ஒரே வரியாக அடுக்கப்பட்டிருக்கும், வெளியே தெரிவது கடைசியாக வந்தது மட்டும்தான். அந்த ஒரு வரியை அழித்தால் அடியில் உள்ள அத்தனையும் சேர்ந்து போய்விடும். நான் அழித்தது ஒரு நன்றிக் கடிதம் என்று நினைத்தேன். போனது அவள் ஒப்பந்தம்.

அவள் நாற்பது நாள் கழித்து வந்தாள். டிராஷில் 30 நாள்தான் இருக்கும், பிறகு தானாகவே ஒரேயடியாக அழிந்துவிடும். வேண்டாத மெயில் என்று ஜிமெயில் தானாக ஒதுக்கிவைக்கும் ஸ்பேம் பெட்டிக்கும் அதே 30 நாள். தேடாத இடமில்லை. கடைசியில் எனக்குத் தோன்றியது, மெயில் இந்தப் பக்கம் அழிந்தாலும் அனுப்பியவர் பக்கம் ஒரு பிரதி இருக்குமே என்று. ஏஜென்சிக்கு எழுதினோம். பதினொரு நாள் கழித்துத் திரும்ப அனுப்பினார்கள். அந்தப் பதினொரு நாளும் அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து என் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். யாருடைய மெயிலையும் நான் அழிப்பதில்லை, அவர்கள் கையால் அழிக்கச் சொல்கிறேன். அதுவும் ஒரு வரியைத் திறந்து, மேலிருந்து கீழே வரை பார்த்துவிட்டு. தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு எண் இருந்தால் உள்ளே அத்தனை மெயில் இருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் மொத்தமாக டிக் அடிக்கும் கட்டத்தில் கை வைக்கவே வேண்டாம். கம்ப்யூட்டரில் அது முதலில் அந்தப் பக்கத்தில் உள்ள ஐம்பதை மட்டும் பிடிக்கும், உடனே மேலே இன்னொரு வரி வந்து இந்தப் பிரிவில் உள்ள அனைத்தையும் தேர்ந்தெடுக்கவா என்று கேட்கும். அவசரத்தில் அதையும் அமுக்கிவிட்டு ஆயிரக்கணக்கில் அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தவறி அழித்துவிட்டால் திரையின் கீழே சில நொடி "அன்டூ" என்று ஒரு பட்டன் நிற்கும். பதறாமல் அதைத் தட்டினால் வந்துவிடும்.

அழிந்துவிட்டது என்று அழுதுகொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் உண்மையில் ஒன்றும் அழிந்திருக்காது. பஸ்ஸில் போகும்போது போனில் விரல் பக்கவாட்டில் இழுத்துவிட்டிருக்கும். அப்படி இழுத்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போனில் மெயில் ஆர்கைவ் ஆகும். அதாவது இன்பாக்ஸிலிருந்து விலகி உள்ளே போய்விடும், அவ்வளவுதான். இடது பக்க மெனுவில் "ஆல் மெயில்" என்பதைத் திறந்தால் அங்கே இருக்கும். போன மாதம் ஒரு அண்ணாச்சி இன்சூரன்ஸ் ரசீதைக் காணோம் என்று மூன்று நாள் தூங்காமல் வந்தார். ஆல் மெயிலில் அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இதைவிடப் பெரிய ஆபத்து முகவரியையே இழப்பது. விண்ணப்பத்துக்கு ஒரு மெயில் என்று புதிதாகத் திறந்துகொண்டே போகிறார்கள். பத்தாம் வகுப்பில் உதவித்தொகைக்கு ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பில் நீட்டுக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று. டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவு ஐந்து வருடம் செல்லும். அதற்குக் கொடுத்த மெயிலை அடுத்த மாதமே மறந்தால் என்ன செய்வது? இரண்டு வருடம் ஒருமுறைகூடத் திறக்காத கணக்கை நீக்குவோம் என்று கூகுள் 2023 மே மாதம் அறிவித்து, அந்த டிசம்பரிலிருந்து நீக்கவும் ஆரம்பித்துவிட்டது. குடும்பத்தில் ஆளுக்கு ஒரு முகவரி போதும். அதை மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

கணக்கை மீட்கக் கொடுத்திருக்கும் மொபைல் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணமான பெண் கணவன் வீட்டுக்குப் போனதும் சிம்மை மாற்றுவாள், பையன் சென்னைக்கு வேலைக்குப் போனதும் புது நம்பர் வாங்குவான். பழைய எண்ணை 90 நாள் எதற்கும் பயன்படுத்தாமல் விட்டால் துண்டிக்கப்படலாம், அதற்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் ஓடிபி யார் போனுக்குப் போகும்? எண் மாறிய அன்றைக்கே மெயில் கணக்கிலும் மாற்றிவிட வேண்டும்.

என்னைப் போல் கடை நடத்தும் சகோதர சகோதரிகளிடமும் இதைக் கேட்டுக்கொள்கிறேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வாடிக்கையாளர் விண்ணப்பத்தில் உங்கள் மெயிலையும் உங்கள் எண்ணையும் போடாதீர்கள். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. கூட்ட நேரத்தில் ஓடிபி நம் போனுக்கே வந்தால் சுலபம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அழைப்புக் கடிதம் வருகிற நாளில் நம் கடை இருக்குமோ, நாம் இருப்போமோ? ஒரு பிள்ளையின் ஹால் டிக்கெட் அறிவிப்பு நம் இன்பாக்ஸில் முந்நூறு மெயிலுக்கு அடியில் கிடப்பது பெரிய பாவம்.

2011 பிப்ரவரி கடைசியில் கூகுளின் மென்பொருள் கோளாறால் சிலருடைய ஜிமெயில் மொத்தமும் காலியாகத் தெரிந்தது. பல இடங்களில் பிரதி வைத்திருந்தும் எல்லாப் பிரதியும் பாதிக்கப்பட, கடைசியில் தனியாக டேப்பில் எடுத்து வைத்திருந்ததிலிருந்துதான் மீட்டார்கள். அன்றைக்குச் செய்தியில் படித்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார், "அவ்வளவு பெரிய கம்பெனியே ஒரு பிரதியைத் தனியா எடுத்து வச்சிருக்கான் பாரு" என்று. முக்கியமான மெயில் வந்தால் அதோடு வந்த கோப்பை இறக்கிச் சேமியுங்கள், ஒரு அச்சுப் பிரதி எடுங்கள், அக்காவுக்கோ அப்பாவுக்கோ ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். நான் என் கடைக்கு அச்சு வருமானம் வரட்டும் என்று சொல்லவில்லை. பிரிண்ட் எடுக்கப் பத்து ரூபாய்கூட ஆகாது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. தேர்வு அறிவிப்பும் கலந்தாய்வு அறிவிப்பும் வெளியிடும்போது கட்டணம், கடைசித் தேதி, இணைய முகவரி எல்லாம் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். அதே கட்டத்தில் இரண்டு வரி சேர்க்க முடியுமா? சொந்த மெயிலையும் சொந்த எண்ணையும் கொடுங்கள், மெயிலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்பேமையும் சேர்த்துத் தேடுங்கள் என்று. நான் கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன், அதைப் பத்துப் பேர் படிக்கிறார்கள். நீங்கள் போட்டால் ஊர் முழுக்கப் படிக்கும். கத்தரித்து எடுத்துக்கொண்டு வருகிற அந்தத் துண்டுப் பேப்பரிலேயே அது இருக்கும்.

கூகுள் கணக்கில் இரண்டடுக்குப் பாதுகாப்பை, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் வசதியை, இயக்கினால் பத்து பேக்கப் எண்கள் தருகிறார்கள். ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். போன் தொலைந்தாலும் அதை வைத்து உள்ளே போய்விடலாம். இப்போதெல்லாம் புதிதாக மெயில் திறக்க வருகிற பிள்ளைகளுக்கு அந்தப் பத்து எண்ணையும் அச்செடுத்து, பாஸ்வேர்டை அவர்கள் கையாலேயே பின்பக்கம் எழுதச் சொல்லி, மடித்து அவர்கள் அம்மா கையில் கொடுக்கிறேன். நான் அந்தத் தாளைப் பார்ப்பதில்லை. நேற்று ஒரு அம்மா அதை வாங்கி, ரேஷன் கார்டும் ஆதாரும் இருந்த மஞ்சள் பையைத் திறந்து, வீட்டுப் பட்டாவுக்கு நடுவில் சொருகி வைத்தார்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் வாசகி,
அருப்புக்கோட்டை.