அகச்சிவப்பில் பிளந்த கோடு

அன்புள்ள சேகர்,

உன் கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். வசந்தி மறுபடியும் வீடு மாறிவிட்டாள். எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக.

அகச்சிவப்பு என்றால் வெறும் சூடு, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அடித்துப் பேசுவாயே, இதைக் கேள். நேற்று ஒரு சூரியக் கரும்புள்ளியின் நிறமாலைப் படம் பார்த்தேன். அகச்சிவப்பில், 1564.8 நானோமீட்டரில் விழும் இரும்பின் கோடு, அதாவது இரும்பு அணுக்கள் ஒளியை விழுங்கும் இடம். புள்ளிக்கு வெளியே ஒற்றைக் கோடு. விளிம்பில் ஏறியதும் பட்டையாகிறது, நடுவே போனதும் பளிச்சென்று பிளந்து நிற்கிறது. மணி சாரிடம் காட்டினேன், மனுஷர் வெகு நேரம் படத்தை விட்டு நகரவில்லை.

காந்தப்புலம் ஒரு கோட்டைப் பிளப்பதைத்தான் ஜீமன் பிளவு என்கிறோம். 1908-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வான் ஆய்வகத்தில் வானியலாளர் ஹேல் கண்டதும் இதே பிளவுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில். பிளவு அலைநீளத்தின் வர்க்கத்தோடு வளரும். வெப்பத்தால் கோடு பட்டையாவதோ அலைநீளத்தின் விகிதத்தில்தான். நீண்ட அலைக்குப் போகப் போகப் பிளவின் கை ஓங்குகிறது. வழக்கமாக அளக்கும் 630.2 நானோமீட்டர் இரும்புக் கோட்டைவிட இது ஏழு மடங்குக்கு மேல் பிரிகிறது, சேகர்!

சரி, காந்தப்புலத்தை காஸ் என்ற அலகில் அளந்தால், கரும்புள்ளியில் ஆயிரக்கணக்கான காஸ் இருக்கிறது. என் தூக்கத்தைக் கெடுப்பது கொரோனா, சூரியனைச் சுற்றியிருக்கும் மெல்லிய வெளி மண்டலம். சூரிய வெடிப்புகளுக்கான ஆற்றல் சேர்வது அங்கேதான், ஆனால் புலம் பெரும்பாலும் சில காஸ்தான். வெளிச்சமோ சூரியத் தட்டைப் போலப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இத்தனை காலம் கீழே மேற்பரப்பில் அளந்ததை வைத்து மேலே என்ன இருக்கும் என்று பெரும்பாலும் கணக்குத்தான் போட்டார்கள். ஹவாயில் ஹலேயாகலா மலைமேல் இருக்கும் இனோயே சூரியத் தொலைநோக்கிக்கு 4 மீட்டர் ஆடி. அகச்சிவப்பில் கருவியே தன் சூட்டால் ஒளிரும் என்பதால் அதைக் கடுமையாகக் குளிர்வித்து வைத்திருக்கிறார்கள். அதை வைத்து 1430 நானோமீட்டர் சிலிக்கான் கோட்டில் எடுத்த கொரோனாவின் காந்தப்புல வரைபடம் 2024-இல் வெளிவந்தது. அங்கே பிளவு கண்ணில் படாது. இடப்பக்கம் சுழலும் ஒளிக்கும் வலப்பக்கம் சுழலும் ஒளிக்கும் இடையே உள்ள நூலிழை வித்தியாசத்தில்தான் புலத்தைப் படிக்க வேண்டும். அதைப் பிடித்துவிட்டார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. இதில் கிடைப்பது நம்மை நோக்கிய திசையில் உள்ள புலம் மட்டும். கொரோனா ஒளிபுகும் பொருள், முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே கோட்டில் வந்து கலந்துவிடும். எதிரெதிர்த் திசைப் புலங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டால், பூஜ்யம் என்று படித்துவிட மாட்டோமா? இந்த மாதிரிக் கலப்பைப் பிரிக்கும் கணக்கு உனக்குத்தான் கைவந்தது. உட்கார்ந்து யோசித்துச் சீக்கிரம் எழுது. அப்புறம், மணி சாருக்கும் தனியாக ஒரு வரி போடு, கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
ரகு