சென்னை – டாலஸ்: எத்தனை மணி நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், சென்னையிலிருந்து டாலஸ் 14,900 கி.மீ., விமானத்தில் பதினாறரை மணி நேரம் என்று அட்டவணையில் போட்டிருந்தீர்கள்.

தூரம் சரிதான். தீர்க்கரேகைக் கணக்கில் சென்னை கிழக்கே 80 பாகை, டாலஸ் மேற்கே 97. கூட்டினால் 177, அதாவது ஏறக்குறைய உருண்டையின் மறுபக்கம். ஆகவே குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டித்தான் போகும். சென்னையிலிருந்து துருவம் 77 பாகை, அங்கிருந்து டாலஸ் 57. பாகைக்கு 111 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், 14,874 வரும். வகுப்பில் உலக உருண்டைமேல் நூல் பிடித்துக் காட்டினால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்.

நேரம்தான் உதைக்கிறது. தூரத்தை 900 கி.மீ. வேகத்தால் வகுத்திருக்கிறீர்கள். அந்த நூல்மேல் பறக்கும் விமானம் கிடையாது. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானமே இல்லை. நாங்கள் போனது துபாய் வழி. அதுவரை சுமார் 2,900, அப்புறம் 12,900 கி.மீ.

சென்ற மே மாதம் பேரனைப் பார்க்கப் போனோம். டிக்கெட்டில் விடிகாலை 3.50க்குப் புறப்பாடு, அதே தேதி மாலை 4.10க்கு டாலஸ். "நெல்லை எக்ஸ்பிரஸை விட ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதல், அவ்வளவுதானே" என்றாள் மனைவி. டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட்டும் தலையாட்டினார். ஆனால் டிக்கெட்டில் இருந்த இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் டாலஸ் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். உண்மையில் 22 மணி 50 நிமிடம். புவியியல் வாத்தியாரான நானும் வீட்டில் கணக்குப் போடவில்லை, அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

மனைவிக்குச் சர்க்கரை நோய். ஒரு வேளை மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மீதியைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டாள். கிரீன்லாந்தைத் தாண்டிக் கனடாவுக்கு மேலே, நம் ஊர் நேரத்திலேயே இருந்த என் கைக்கடிகாரத்தில் ராத்திரி ஒன்பது. ஜன்னல் திரையைத் தூக்கினால் பளீரென்று வெயில். துபாயில் ஏறியதிலிருந்து சூரியன் மறையவே இல்லை. எது காலைச் சாப்பாடு, எது ராத்திரிச் சாப்பாடு என்றே தெரியாமல் தட்டு வந்துகொண்டிருந்தது. ராத்திரி மாத்திரையோ பெட்டியோடு காலுக்குக் கீழே, சரக்கு அறையில். பணிப்பெண் தண்ணீரும் உப்பு பிஸ்கட்டும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். இறங்கியபின் சர்க்கரையை அளந்தால் 290.

போகும்போது துபாயிலிருந்து பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆனது, திரும்புகையில் பதினாலரைதான். பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று தள்ளிக்கொண்டு வருகிறது. அதற்கும் உங்கள் அட்டவணையில் இடமில்லை.

அடுத்த முறை போகும் நேரம், வரும் நேரம், மாறி ஏறக் காத்திருக்கும் நேரம் மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். பாளையங்கோட்டையில் வீட்டைப் பூட்டியதிலிருந்து பேரன் வீட்டுப் படியேறும்வரை எங்களுக்கு ஆனது இரண்டு நாளும் ஒன்பது மணி நேரமும்.

— ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், பாளையங்கோட்டை