மானுக்கு இன்சூரன்ஸ் இல்லை, மச்சான்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பதினொரு வருஷம் டோஹா வெயிலில் காய்ந்தது போதும், மாசிக்குள் வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அம்மா இப்போதே உனக்கு என்ன கறி வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

"வந்ததும் ஒரு பல்சர் 150 பைக் எடுக்கப்போகிறேன், தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் போதும்தானே?" என்று கேட்டிருந்தாய். போன வருஷம் கேட்டிருந்தால் ஓம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன். இடையில் ஒரு மான் வந்துவிட்டது.

நாம் படிக்கிற காலத்தில் மான் பார்க்கக் கோட்டைக்குள் போவோமே, இப்போது அவை நகருக்குள் நம்மைப் பார்க்க வருகின்றன. கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு இரவு, கடற்கரைப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். நாற்பதுக்கு மேல் ஓடவில்லை, சத்தியமாக. இருட்டுக்குள்ளிருந்து ஒன்று பாய்ந்தது. நான் ஒரு பக்கம், பைக் ஒரு பக்கம். மான் எழும்பி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. எனக்குக் காறை எலும்பில் வெடிப்பு. பைக்கின் முன் ஃபோர்க் வளைந்து, ஹெட்லைட் நொறுங்கி, பெற்றோல் டாங்கி நெளிந்துபோயிற்று.

இன்சூரன்ஸ் கார்டில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டாள்: "சேர், உங்களுடையது தேர்ட் பார்ட்டி. மோதிய மற்ற வாகனம் என்ன?" மான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

கராஜ் செலவு முழுவதும் என் பொக்கெட்டிலிருந்துதான் போனது. குறை சொல்லவும் வழியில்லை. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்துவது அந்த தேர்ட் பார்ட்டியை மட்டும்தான்; அது எனக்காக எழுதப்பட்டதே இல்லை. என் பைக்கால் இன்னொருவர் செத்தாலோ காயப்பட்டாலோ அவருக்கு நட்டஈடு கொடுக்கத்தான் அது. அவருடைய மதிலையோ வாகனத்தையோ உடைத்தால் அதற்கும் ஒரு எல்லை வரைக்கும் கொடுப்பார்கள். விழுந்தவனுக்கும் அவன் பைக்குக்கும் ஒரு சதமும் இல்லை. இருபது வருஷமாக நான் அந்தக் கடதாசியை, வருஷா வருஷம் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் பிரதேச செயலகத்தில் கேட்கிற ஒன்று என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். புகைப் பரிசோதனைச் சான்றிதழோடு சேர்த்துக் கொடுப்போம், அடுத்த வருஷம் வரைக்கும் மறந்துவிடுவோம். நீயும் அப்படித்தான், தெரியும்.

அதனால் நம் பைக்குக்கு வருகிற சேதத்துக்கும் கொடுக்கிற ஃபுல் இன்சூரன்ஸ் எடு. லீசிங்கில் வாங்கினால் அவர்களே விடமாட்டார்கள், ஃபுல் எடுத்தே ஆகவேண்டும். காசு கட்டி வாங்கினால்தான் நமக்கு மிச்சம் பிடிக்கும் புத்தி வரும். ஃபுல் இன்சூரன்ஸிலும் ஒரு பொறி இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய பைக்கெல்லாம் தங்கம் மாதிரி விலை ஏறிவிட்டது. பிரீமியம் குறையும் என்று பெறுமதியைக் குறைத்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஆறு லட்சம் பெறுமதியான பைக்கை மூன்று லட்சம் என்று எழுதிவிட்டு ஒரு லட்சத்துக்கு உடைத்துக்கொண்டு போனால், "பாதிதானே காப்புறுதி செய்தீர்கள்" என்று ஐம்பதாயிரத்தை நீட்டுவதற்கு ஒப்பந்தத்தில் இடம் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கையெழுத்துப் போட முதல் வாசி. வாசிக்காமல் போட்டால் என்னைத் திட்டாதே.

செக்கன்ட் ஹேண்ட் எடுப்பதென்றால் ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் விற்றவரின் கையெழுத்துக் கடதாசியை மட்டும் வைத்துக்கொண்டு, வாங்காதே. எங்கள் ஒழுங்கையில் ஒரு பொடியன் அப்படித்தான் வாங்கி, மூன்றாவது கையாக ஓடினான். கிண்ணியாப் பாலம் தாண்டி ஒரு சைக்கிள்காரரைத் தட்டிவிட்டான். வாகனப் பதிவுப் புத்தகமும் இன்சூரன்ஸும் கந்தளாயிலிருக்கிற முதல் ஆளின் பெயரில். பைக்கை விற்றதையே மறந்துபோயிருந்த அந்த மனுஷனைத்தான் பொலிஸ் முதலில் தேடியது. பொடியன் நல்லவன்தான், ஆனால் இன்னும் வழக்குக்கு அலைகிறான். பெயர் மாற்றிவிட்டு, உன் பெயரில் புதிதாக இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு ஓடு.

உன் லைசன்ஸையும் எடுத்துப் பார். அட்டையின் ஆயுள் எட்டு வருஷம்தான், உன்னுடையது எப்போதோ காலாவதியாகியிருக்கும். மருத்துவச் சான்றிதழ் எடுத்துத்தான் புதுப்பிக்கவேண்டும். இன்னொன்று: அந்தக் காலத்து எம்டி 90 பைக்கை நம்பி ஏ1 வகுப்பு மட்டும் எடுத்திருந்தாயோ? அது 100 சிசி வரைக்கும்தான். பல்சருக்கு ஏ வேண்டும். வகுப்பு இல்லாத லைசன்ஸோடு விழுந்தால், நீ கட்டிய ஃபுல் இன்சூரன்ஸிலும் கை விரித்துவிடுவார்கள். குடித்துவிட்டு ஓடினாலும் அதே கதைதான். உனக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

மற்றபடி பொலிஸ் விஷயம் பழையபடிதான். ஹெல்மெட் பின்னால் இருப்பவருக்கும் வேண்டும், பின்னால் ஒருவர்தான். நகருக்குள் வேகம் 50. சின்னப் பிழை என்றால் லைசன்ஸை வாங்கிக்கொண்டு தண்டப்பணத் துண்டு தருவார்கள். 14 நாளுக்குள் கட்டவேண்டும், தவறினால் இரட்டிப்பு. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் துண்டோடு முடியாது, நீதிமன்றம்தான். தண்டப்பணமே 25,000இல் தொடங்குகிறது. தேர்ட் பார்ட்டிக்கு வருஷம் கட்டுகிற காசை இதோடு ஒப்பிட்டால் சிரிப்புத்தான் வரும்.

நிலாவெளியில் வெள்ளைக்காரருக்கு பைக் வாடகைக்குக் கொடுக்கிற யோசனை ஒன்றும் எழுதியிருந்தாய். சீசனில் நல்ல உழைப்புத்தான். ஆனால் சொந்தப் பாவனை என்று எடுத்த காப்புறுதி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. அதைத் தனியாகக் கேட்டு, வாடகைக்கு என்றே எழுதுவித்து எடு. அதிகம் கேட்பார்கள், கணக்குப் போட்டுப் பார். எனக்கென்றால் முதல் வருஷம் வேண்டாம் என்றுதான் படுகிறது.

என் தோள் இப்போது பரவாயில்லை. மழை நாளில் மட்டும் கொஞ்சம் குத்தும். வரும்போது அங்கிருந்து நல்ல ஹெல்மெட் ஒன்று கொண்டுவா, எனக்கும் சேர்த்து. என்னுடையது அன்றைக்கு வெடித்துவிட்டது, இன்னும் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே.

உன் பழைய கூட்டாளி