தாத்தா வீட்டை இடிக்க வேண்டாம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய வீட்டுப் படத்தை அப்பாவும் நானும் பார்த்தோம். மாடியும் பால்கனியும் நன்றாகத்தான் இருக்கின்றன. சம்பாதித்த பணத்தில் நம் ஊரிலேயே வீடு கட்ட வேண்டும் என்று நினைக்கிறாயே, அதுவே எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அதற்காகத் தாத்தா வீட்டை இடிக்கச் சொல்லாதே. போனில் பேசினால் "பழைய கல்லு வீடும்மா" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அடுத்த முறை வரும்போது கிழக்கு அறையில் காரை பெயர்ந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார். ஒரு கல் முழுக்க நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழி இருக்கும், ஒவ்வொன்றும் மிளகளவு. பக்கத்துக் கல்லில் வரிகள் வளைந்து வளைந்து ஓடும். ஜன்னலுக்குக் கீழே உள்ள கல்லில் ஒரு சிப்பி அப்படியே பதிந்து கிடக்கிறது. அத்தனையும் கடலுக்குள் வளர்ந்த பவளப்பாறை. நம் ஊருக்கு எதிரே காரியாச்சல்லி, விலாங்குச்சல்லி தீவுகளை ஒட்டிய பாரில், அதாவது கடலுக்குள் இருக்கிற பாறைத் திட்டில் இருந்து தாத்தா எடுத்து வந்தவை.

இந்தப் பக்கம் தூத்துக்குடி, அந்தப் பக்கம் கீழக்கரை, மண்டபம் வரைக்கும் ஒரு காலத்தில் கல்லெடுப்பு பெரிய தொழில். 1970களில் நான் சின்னப் பிள்ளை. கச்சான் காற்று ஓய்ந்து கடல் அடங்கியதும் வள்ளங்கள் தீவுப் பக்கம் கிளம்பும். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, மார்பளவுத் தண்ணீரில் நின்று கடப்பாரையால் நெம்புவார்கள். பெயர்ந்த கல்லை முங்கித் தூக்கி வள்ளத்தில் போட வேண்டும். பாரம் ஏற ஏற வள்ளத்தின் விளிம்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வரும். காற்று கொஞ்சம் மாறினாலும் கரையில் நிற்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கரைக்கு வந்த கல்லை லாரி ஏற்றிப் போகும். சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொஞ்சம், கட்டடத்துக்கும் ரோட்டுக்கும் கொஞ்சம், கார்பைடு செய்கிற ஆலைகளுக்குக் கொஞ்சம். பாறை கிழித்த காயம் லேசில் ஆறாது. தாத்தாவின் உள்ளங்கை எப்போதும் வெடிப்பும் சீழுமாக இருக்கும். ராத்திரி ஆச்சி வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுப்பாள். அந்தக் கையோடு மறுநாள் விடியுமுன் மறுபடியும் கடலுக்குப் போவார்.

வீட்டுக்கென்று ஒதுக்கிய கல்லை மட்டும் அவர் விற்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க முற்றத்தில் நனையவிட்டு, உப்பு இறங்கிய பிறகுதான் சுவர் எழுப்பினார். சிப்பிச் சுண்ணாம்பு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் ஊற்றிக் குழைத்த காரை. மேலே பனங்கை, நாட்டு ஓடு. சித்திரை வெயிலில்கூட அந்த நடு அறையில் மத்தியானம் படுக்க முடிகிறது என்றால் காரணம் அந்தச் சுவர்தான்.

இப்போது டிவியில் பவளப்பாறை பற்றிப் பேசும்போதெல்லாம் "மீனவர்கள் வெட்டி அழித்தார்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. வெட்டியது நம் ஆட்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் வாங்கினது யார், எதற்கு வாங்கினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆலைக்குக் கல் வேண்டும் என்று லாரி வந்து நின்றது, கூலி கிடைத்தது, அடுப்பு எரிந்தது. உன் மாமாக்கள் படித்தது அந்தக் காசில்தான்.

அதே சமயம், அந்தத் தொழில் நின்றது நல்லது என்றும் சொல்வேன். இந்த மாதிரி உருண்டைக் கல் கடலில் ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளரும். முழ உயரக் கல் என்றால் நாற்பது, ஐம்பது வருஷ வளர்ச்சி. தாத்தா அதை ஒரு காலையில் எடுத்துவிடுவார். பார் தேய்ந்ததும் அலை நேராகத் தீவில் போய் அடித்தது. விலாங்குச்சல்லி தண்ணீருக்குள் போய்விட்டது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவுக்கும் அதே கதி. காரியாச்சல்லி 1969இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது, இப்போது 3 ஹெக்டேர் சொச்சம்தான். பாறை இருந்தால்தான் அங்கே களவாயும் கிளிமீனும் சிங்கி இறாலும் தங்கும். அது போனால் வலைக்கு என்ன கிடைக்கும்?

1986இல் தூத்துக்குடியில் இருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அப்போதும் கல் திருட்டுத்தனமாக வந்துகொண்டுதான் இருந்தது. 2001இல் பவளப்பாறையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு நாலைந்து வருஷத்தில் எல்லாம் நின்றது. சட்டம் சரிதான். ஆனால் கடப்பாரையைக் கீழே வைத்தவனுக்கு மாற்று வேலை என்ன என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். சிலர் உப்பளத்துக்குப் போனார்கள், சிலர் விசைப்படகில் கூலிக்கு ஏறினார்கள், சிலர் ஊரைவிட்டே போனார்கள். இப்போது வான் தீவுப் பக்கம் காங்கிரீட்டில் கூடு செய்து கடலில் இறக்கி, அலையைத் தடுத்துத் தீவைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். பாறையையும் சின்னச் சின்னத் துண்டாகக் கட்டி வளர்க்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் 2010லும் 2016லும் கடல் சூடேறி நிறையப் பாறை வெளுத்துச் செத்தது. அதற்குக் கடப்பாரை காரணம் இல்லை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சுவரை இடித்தால் அந்தக் கல் மண்ணடிக்கத்தான் போகும். இனி யாரும் எடுக்கவும் முடியாது, எடுக்கவும் கூடாது. கடலும் இல்லாமல் வீடும் இல்லாமல் அது வீணாகப் போவதை என்னால் பார்க்க முடியாது. அப்புறம், கடற்கரையில் காங்கிரீட் வீடு என்ன ஆகும் என்று நீயே பார்த்திருக்கிறாய். தெற்குத் தெருவில் உன் கூட்டாளி வீட்டுக் கூரையில் கம்பி துருப்பிடித்து, பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. அது கட்டிப் பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை.

நம் சுவர் ஈரம் ஊறுகிறது என்று சொன்னாயே, அது கல்லின் குற்றம் இல்லை. முன்பு ஒரு கொத்தனார் சுண்ணாம்புக் காரைக்கு மேல் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று உப்புப் பூக்கிறது. சிமெண்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசினால் போதும். பனங்கையில் நாலைந்துதான் உளுத்திருக்கிறது, அதை மாற்றிக்கொள்ளலாம்.

உன் வீட்டைப் பின்னால் வேப்பமரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் கட்டு. இடம் தாராளமாக இருக்கிறது, அப்பா கயிறு பிடித்து அளந்துவிட்டார், அளவைத் தனியாக அனுப்புகிறேன். வாசல் மட்டும் தெருவைப் பார்க்காது, அதில் உனக்கு வருத்தம் இருக்கும், தெரியும். படம் போட்டவரிடம் அந்த இடத்துக்குத் தக்க மாதிரி மாற்றித் தரச் சொல். அதுவரை காண்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் வேம்பாரில் இருக்கிறாராம், கிறிஸ்துமஸ் லீவில் நீ வரும்போது அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். சுவரைத் தட்டிப் பார்த்து அவர் என்ன சொல்கிறார் என்று நீயே பக்கத்தில் நின்று கேள்.

நேரத்துக்குச் சாப்பிடு. பேத்திக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
அம்மா