பேட்டரி விஷயமாக

பாப்பா,

உன் மெசேஜ் வந்தபோது ராத்திரி மணி பன்னிரண்டே கால். "அப்பா, கார் செல்ஃப் எடுக்கல, டக் டக்னு சத்தம் மட்டும் வருது. பேட்டரி போச்சு போல. சாரிப்பா, நான்தான் சரியா பாத்துக்கல. புதுசு எது வாங்கலாம்?" ஏழு வாரம் கழித்து நாலு வரி, அதில் ஒரு வரி சாரி. சரி, கேட்டாயே, அதுவே போதும். நீளமாகத்தான் எழுதப்போகிறேன். உன் அம்மா மாதிரி பாதியில் மூடி வைத்துவிடாதே.

புதுசு வாங்காதே. இப்போதைக்கு வாங்காதே. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மேலே அடித்திருக்கும் தேதிப்படி அதற்கு இரண்டு வயசுகூட ஆகவில்லை. நல்லபடியாக வைத்துக்கொண்டால் மூன்றிலிருந்து ஐந்து வருஷம் உழைக்கிற சாமான் அது. டக் டக் சத்தம் செல்ஃப் மோட்டாரின் சுவிட்ச் இழுத்து இழுத்து விடுவது. சுவிட்சை இழுக்கத் தெம்பு இருக்கிறது, என்ஜினைச் சுற்ற இல்லை. பெரும்பாலும் இறங்கிப்போன பேட்டரிதான் இப்படிச் செய்யும். ப்ளஸ் டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்துத் துடைத்து, இறுக்கிவிட்டு மேலே கொஞ்சம் வாசலின் தடவு.

ஏன் இறங்கியது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டி சும்மா நிற்கும்போதும் அலாரம், கடிகாரம், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரைக்கும் பரவாயில்லை என்பார்கள். அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி, ஒரு மாதத்துக்கு 36. உன்னுடையது மொத்தமே 60 ஆம்பியர் மணி பிடிக்கிற பேட்டரி. தினமும் ஆபீஸ் போய்வருகிற வண்டிக்கு இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை, ஓடுகிற ஓட்டத்தில் ஏறிவிடும். நின்ற இடத்திலேயே நின்றால்தான் இப்படி ஆகும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் வருகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. படத்தின் ஓரத்தில், வைப்பருக்கு அடியில், இலைகள் கிடந்தன. அடியில் இருந்தவை காய்ந்து சுருண்டு பொடியாகியிருந்தன, மேலே இருந்தது பச்சை. அதையும் கேட்கவில்லை. வண்டியை அவர் பார்த்துக்கொள்வார் என்று போன வருஷம் சொன்னாய். சரி விடு.

இறங்கின நிலையில் அப்படியே போட்டு வைக்காதே, அதுதான் முக்கியம். நாள் ஆக ஆக உள்ளே தகடுகளின் மேல் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் வாங்காது. பக்கத்தில் யாரிடமாவது சார்ஜர் கேள். கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. 6 ஆம்பியருக்கு மேல் வேண்டாம், மெதுவாக ராத்திரி முழுக்க ஏறட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது, ஹைட்ரஜன் வரும். கழற்றுவதாக இருந்தால் மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். ப்ளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் என்ன ஆகும் என்று உன் சித்தப்பாவின் மோதிர விரலைக் கேள். பத்து வயசில் "சித்தப்பா, மைனஸ் முதல்ல" என்று அவனையே திருத்தியவள் நீ. எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன் தெரியுமா? அப்படிப்பட்டவள் டெர்மினல் பூக்கும்வரை பானெட்டைத் திறக்காமல் இருந்திருக்கிறாய்.

வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தால் அத்தோடு நிறுத்திவிடாதே. நின்ற இடத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டால் எதுவும் நிரம்பாது. வெளியே எடுத்துக்கொண்டு போ. கொஞ்ச தூரமாவது போ. எங்கேயாவது போய்விட்டு வா.

சார்ஜ் ஏறி சில மணி நேரம் ஆறிய பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பார். 12.6 வோல்ட் இருந்தால் முழுசு, 12.2 என்றால் பாதிதான். வண்டி ஓடும்போது 13.8லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும், காட்டாவிட்டால் கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம், பேட்டரியைத் திட்டாதே. முழுசாக ஏறியும் செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் மாற்றிவிடலாம். மாற்றுவதானால் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற அதே சைஸ், ப்ளஸ் அதே பக்கம், ஆம்பியர் மணியும் குளிரில் தள்ளுகிற ஆம்பியரும் (CCA என்று போட்டிருக்கும்) அதில் சொன்னதற்குக் குறையக் கூடாது. சிக்னலில் தானே அணைந்து எழும்புகிற வண்டி உன்னுடையது, அதற்கு ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி நார் விரிப்பில் ஊற வைத்த வகை) கொடுத்திருந்தால் ஏஜிஎம்தான் போட வேண்டும், சாதாரணத்தைத் தலையில் கட்டுவார்கள், ஏமாறாதே. தயாரித்த தேதியைப் பார், கடையில் மாசக்கணக்கில் உட்கார்ந்ததை வாங்காதே. மைனஸ் முதலில்.

உன் மெசேஜில் அந்த சாரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் கடைசிப் பரீட்சை அன்று காலையில் பச்சை வண்டி செல்ஃப் எடுக்கவில்லை, ஞாபகம் இருக்கும். முந்தின ராத்திரி பின் சீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு லைட்டை அணைக்காமல் போனாய் என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீ அழுதுகொண்டே ஓடிப்போய் அரை மணி நேரம் தாமதமாக எழுதினாய். அன்று மத்தியானமே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அது 5 வாட் பல்பு. அரை ஆம்பியர்கூட இழுக்காது. விடிய விடிய எரிந்தாலும் 4 ஆம்பியர் மணிதான், நம்முடையது 45. நல்ல பேட்டரி அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. அந்தப் பேட்டரிக்கு ஐந்து வயசாகியிருந்தது, ஒரு மாதமாகவே முனகி முனகித்தான் எழும்பியது, மாற்றுவதைத் தள்ளிப்போட்டவன் நான். இது எனக்குத் தெரிந்தே நீ சாயங்காலம் வந்து சாரிப்பா என்றபோது "இனிமே கவனமா இரு" என்றேன். அதற்கப்புறம் இன்றுவரை இறங்கும்போது இரண்டு முறை மேலே பார்க்கிறாய், நான் கவனித்திருக்கிறேன். தப்பு உன்னுடையது இல்லை பாப்பா. அன்றைக்கும் இல்லை.

அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. இதை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. போனைச் சத்தத்தில்தான் வைத்திருக்கிறேன், ராத்திரியும். 12.6 வந்ததா என்று எழுது. வராவிட்டாலும் எழுது.

வைப்பருக்கு அடியில் இருக்கும் இலைகளையும் மறக்காமல் அள்ளிப் போடு, மழைத் தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்துக்கொள்ளும்.

அப்பா