சமயம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மகளைப் பாடசாலையில் சேர்க்கப் போனபோது படிவத்தில் 'சமயம்' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். வாங்கிப் பார்த்தவர், "அப்ப நாத்திகம் எண்டாவது எழுதுங்கோ, அதுவும் ஒரு சமயம்தானே" என்று பேனையை நீட்டினார். அது எப்படி? கோயில் இல்லை, விரதம் இல்லை, தேர்த்திருவிழாவும் இல்லை (அன்னதானத்துக்கு நான் போவது வேறு கதை). இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சுதந்திரம் தரும்போது சிந்தனை, மனச்சாட்சி, மதம் என்று தனித்தனியாகத்தான் சொல்கிறது, ஆகவே பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக நான் நம்பாததை மதமாக்கத் தேவையில்லை. கொழும்பு பாமன்கடையில் இருந்துகொண்டு, அற்புதம் செய்து காட்டினால் ஒரு இலட்சம் ரூபாய் தருகிறேன் என்று சாமியார்களுக்குச் சவால் விட்ட பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரை எந்தச் சமயத்தில் சேர்ப்பது? படிவத்தில் 'இல்லை' என்று ஒரு தெரிவை அச்சடித்தால் சரி.

வெள்ளவத்தை வாசகர்